ஆர்.வி. வண்டி புயலுக்கு ஒதுங்கும் இடமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஆர்.வி. வண்டியை, அதாவது படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் ஓக்லஹோமா சிட்டி பற்றிய பகுதியில், புயல் மழை வந்தால் வண்டிக்குள்ளேயே இருந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்ததைத் திருத்த வேண்டும். நம் ஊரிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் பலர் ஏப்ரல், மே மாதங்களில்தான் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊரின் டொர்னாடோ (சுழல் காற்று) பருவமும் அதுதான்.

ஆர்.வி. பார்ப்பதற்குத்தான் வீடு. அலுமினியச் சட்டம், மெல்லிய ஒட்டுப்பலகை, நடுவில் தெர்மோகோல் மாதிரி ஒரு நுரை, வெளியே ஃபைபர் தகடு. சுவர் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அஸ்திவாரம் கிடையாது, டயர் மேல் நிற்கிறது. முப்பது அடி வண்டியின் பக்கவாட்டுப் பரப்பு ஏறக்குறைய 270 சதுர அடி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், மணிக்கு 30 மைல் காற்றில் லேசாக ஆடிய வண்டி 60 மைல் காற்றிலும் சமாளிக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

சரி, வண்டியை ஓட்டிக்கொண்டு தப்பிவிடலாமா? 2013 மே 31 அன்று ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே எல் ரீனோ என்ற ஊர்ப் பக்கம் உருவான டொர்னாடோ 2.6 மைல் அகலம். நகரத்தில் பலர் காரை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை நெரிசலும் சேர்ந்து நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. அந்த டொர்னாடோவில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவது அதைவிட மோசம். பாலத்தின் அடிப்பகுதியில் காற்று குறுகிப் பாயும்போது வேகம் கூடுகிறது. பறந்து வரும் பொருட்கள் நேரே உள்ளே அடிக்கின்றன. 1999 மே 3 டொர்னாடோவில் அப்படி ஒதுங்கியவர்களும் உயிரிழந்திருக்கிறார்கள்.

ஆகவே ஆர்.வி. பார்க் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) தேடும்போது நீச்சல் குளம், வைஃபை எல்லாவற்றுக்கும் முன் கேட்க வேண்டியது, புயல் காப்பறை இருக்கிறதா என்பது. ஓக்லஹோமா சிட்டி மாநகராட்சி பொதுக் காப்பறைகள் எதையும் நடத்துவதில்லை. பார்க்கில் இருந்தால்தான் உண்டு. இருக்கிறது என்று சொன்னதோடு விடாதீர்கள். எத்தனை பேர் கொள்ளும், இரவில் பூட்டுவார்களா, சாவி யாரிடம், முட்டி வலி உள்ளவர் இறங்கும்படி படி இருக்கிறதா என்று கேளுங்கள். பார்க்குக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டியிலிருந்து அதுவரை ஒருமுறை நடந்து பாருங்கள். பாஸ்போர்ட், மருந்து, டார்ச், கெட்டியான காலணி ஆகியவை ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும். சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் அதையும் வையுங்கள். உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கிறார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வெளியூர்க்காரர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எச்சரிக்கைகளில் ஊர்ப் பெயரைவிட கவுண்டிப் பெயர்தான் முதலில் வரும். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. ஓக்லஹோமா சிட்டி ஓக்லஹோமா, கனேடியன், கிளீவ்லாண்ட், பொட்டவாட்டமி என்று நான்கு கவுண்டிகளில் பரந்து கிடக்கிறது. தங்கியிருப்பது எந்தக் கவுண்டி, மேற்கிலும் தென்மேற்கிலும் அடுத்தது எது என்று ஒரு தாளில் எழுதி வண்டிக்குள் ஒட்டுங்கள். புயல் பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வரும். புயல் எச்சரிக்கை வந்தால் அலறும் வானிலை ரேடியோ வாங்கினால் கவுண்டிக் குறியீட்டை அதில் பதிய வேண்டும்: ஓக்லஹோமாவுக்கு 040109, கனேடியனுக்கு 040017, கிளீவ்லாண்டுக்கு 040027. பதியாவிட்டால் எங்கோ தொலைவில் உள்ள கவுண்டிகளுக்கெல்லாம் இரவு முழுக்க அலறும், எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள்.

எச்சரிக்கையில் 'வாட்ச்' என்றால் டொர்னாடோ உருவாகும் சூழல் இருக்கிறது, தயாராக இருங்கள் என்று பொருள். 'வார்னிங்' என்றால் ராடாரிலோ கண்ணிலோ பட்டுவிட்டது, இப்போதே உள்ளே போங்கள் என்று பொருள். வீட்டில் இருப்பவர்கள் வார்னிங் வரை பொறுக்கலாம். ஆர்.வி.யில் இருப்பவர்கள் வாட்ச் வந்தவுடனே கிளம்பி ஒரு கட்டடத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு ஊரின் புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதினால் அது வாராந்தரச் சோதனை. மற்றபடி அந்தச் சங்கு வெளியில் இருப்பவர்களுக்கானது. கூரையில் ஏ.சி. ஓடும் வண்டிக்குள் தூங்குபவருக்குக் கேட்கும் என்று நம்ப வேண்டாம். ஆபத்து நீங்கியது என்று இன்னொரு முறை ஊதுவதும் இல்லை.

இதற்காக ஊரைப் பார்க்காமல் வர வேண்டியதில்லை. நேரத்தைத் திருப்பிப் போட்டால் போதும். பக்கத்து ஊரான நார்மனில் உள்ள புயல் முன்கணிப்பு மையம் அன்றைய நிலவரத்தை கோடைகால நேரப்படி அதிகாலை 1, காலை 8, 11.30, பிற்பகல் 3, இரவு 8 என்று புதுப்பிக்கிறது. அபாயம் 1 முதல் 5 வரை. காலை அறிக்கையில் 3 அல்லது அதற்கு மேல் என்றால், திறந்தவெளி இடங்களை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். 1995இல் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த 168 பேருக்கு 168 காலி நாற்காலிகள் வைத்த நினைவிடம், பிரிக்டவுன் கால்வாய்ப் படகு எல்லாம் இதில் அடங்கும். பெரிய புயல்கள் பெரும்பாலும் மாலை நான்கிலிருந்து ஒன்பதுக்குள் வருகின்றன. அந்த நேரத்துக்கு நினைவிட அருங்காட்சியகம், கௌபாய் அருங்காட்சியகம் மாதிரி கெட்டியான கட்டடம் நல்லது. உள்ளே நுழையும்போதே புயல் ஒதுங்குமிடம் எது, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மிரியட் பூங்காவில் செடிகள் வளர்க்கும் கூடமான கிரிஸ்டல் பிரிட்ஜ் முழுக்க ஒளி புகும் கூரை. ஆலங்கட்டி விழும் நேரத்தில் அங்கே வேலையில்லை. ஆர்.வி.யை டவுன்டவுனுக்குக் கொண்டுபோகவே கூடாது. மாடிப் பார்க்கிங் உயரம் பல இடங்களில் 7 அடிதான். வண்டி 11, 12 அடி. பார்க்கில் விட்டுவிட்டு வாடகைக் காரில் போங்கள், உள்ளே சுற்ற ஸ்ட்ரீட்கார் (டிராம் வண்டி) இருக்கிறது.

வெளியே கிளம்பும் முன் வண்டியில் சில வேலைகள். வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் துணிச் சாய்ப்பைச் சுருட்டுங்கள். அதைத் திறந்தே விட்டு, பத்துச் சதுர மீட்டரில் 25 மில்லிமீட்டர் மழை தேங்கினால் 250 கிலோ. சாய்ப்பைத் தாங்கும் கம்பி ஒடிந்து பக்கச் சுவரையும் கிழிக்கும். வண்டியிலிருந்து வெளியே நீளும் ஸ்லைடு அறையை உள்ளே இழுங்கள். கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள். மின்சாரத்தைப் பிடுங்கும்போது முதலில் பார்க்கில் வண்டிக்கு மின்சாரம் தரும் கம்பத்துப் பெட்டியில் பிரேக்கரை அணைத்து, பிறகே பிளக்கை இழுங்கள். மாற்றிச் செய்தால் பொறி பறந்து பிளக் முனை கருகும். இடி கேட்க ஆரம்பித்துவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

சாலையில் மாட்டிக்கொண்டால் ஒன்று நினைவிருக்கட்டும். வசந்தத்தில் அங்கே தெற்குக் காற்று. கிழக்கு மேற்காக ஓடும் ஐ-40இல் அது பக்கவாட்டில் அடிக்கும். வடக்கு தெற்கான ஐ-35இல் அவ்வளவு தொல்லையில்லை. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். ஓரடித் தண்ணீர் சிறிய காரை மிதக்க வைக்கும், இரண்டடி வந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துப் போய்விடும்.

புயல் விட்டதும் முதலில் பார்க்க வேண்டியது கூரையில் உள்ள பிளாஸ்டிக் மூடிகள். 14 அங்குலச் சதுரக் காற்றுத்துளை மூடி வெயிலில் காய்ந்து மொறுமொறுத்திருக்கும். ஆலங்கட்டி ஒன்று போதும். குப்பைப் பையை இரண்டாக மடித்து, ஈரம் துடைத்து, டக்ட் டேப்பால் ஒட்டுங்கள். கூரை பழுதுக்கென்று விற்கும் பியூட்டைல் டேப்பை வாடகை வண்டியில் ஒட்டினால் உரிக்க முடியாது. புது மூடி வாங்கும்போது கீலைப் படமெடுத்துக்கொண்டு போங்கள், கம்பெனிக்குக் கம்பெனி கீல் மாறும். உள்ளே ஜன்னல் ஓரச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் போயிருக்கிறது. கூரைச் சேதம் பல வாடகை ஒப்பந்தங்களில் காப்பீட்டில் சேராது. வண்டியை எடுக்கும் நாளிலேயே ஏணி கேட்டு ஏறி, மூடிகளையும் ஏ.சி. உறையையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டால், திருப்பிக் கொடுக்கும்போது பழைய விரிசலுக்குப் பணம் கட்ட நேராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நார்மன், ஓக்லஹோமா