ஆண்டறிக்கை 2024/2025: ஒரு சுளகில் ஆறு பேர்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, லீவில் வந்து பின்வரிசையில் இருக்கும் வெளிநாட்டு உறவுகளே, எல்லாருக்கும் வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான செயற்பாடுகளை வாசிக்கிறேன். போன வருடம் அறிக்கை நீண்டுபோய் வடை ஆறிவிட்டது என்று குறைப்பட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஆகவே வழக்கமான விடயங்களை இம்முறை சுருக்கிவிட்டேன். ஒன்று மட்டும் நீளும். அது வருடாந்த ஒன்றுகூடல். அதைப் பற்றி ஒழுங்கைக்கு ஒரு கதை உலாவுவதால், நடந்ததை நடந்தபடி பதிவில் வைக்கும்படி நிர்வாக சபை கேட்டிருக்கிறது.

முதலில் சுருக்கமானவை. நிர்வாக சபை 11 தடவை கூடியது. இரண்டு தடவை ஆள் போதாமல் கலைந்தது. வாசிகசாலைக்கு உதயனும் வலம்புரியும் நாள் தவறாமல் வந்தன. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்று ஒரே வருடத்தில் இரண்டு வந்ததால், ஒரு பேப்பர் ஐந்து துண்டாகி ஐந்து பேர் கையில் இருந்தது. விளையாட்டுப் பக்கம் மட்டும் அடிக்கடி வீட்டுக்குப் போய்விடுகிறது. கொண்டுபோகிறவர் யார் என்று தெரியும், பெயர் சொல்லவில்லை. நவம்பர் கடைசியில் உயர்தரப் பரீட்சையே தள்ளிப்போகும் அளவுக்கு மழை கொட்டியபோது, மண்டபத்தில் மூன்று நாள் சமைத்து, வெள்ளம் ஏறிய வீடுகளுக்குப் பார்சல் கொடுத்தோம். கூரையின் கிழக்கு மூலை அன்றைக்கு ஒழுகத் தொடங்கியது, இன்றைக்கும் ஒழுகுகிறது.

இனி ஒன்றுகூடல்.

2020, 2021 இரண்டும் கொரோனாவோடு போயின. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களிடம் சுற்றுலா என்று வாய் திறக்க முடியவில்லை. 2023இல் நகரத்து மண்டபம் ஒன்றில் பஃபே வைத்தோம். அதைப் பற்றி மகளிர் பிரிவுத் தலைவி கூட்டத்தில் சொன்னது குறிப்பேட்டில் இருக்கிறது: “எல்லாரும் தட்டோடை வரிசையிலை நிண்டம், தட்டோடை ஒவ்வொரு மூலையிலை போய் இருந்தம், போனைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டம். ஆளோடை ஆள் கதைச்சது வரிசையிலை மட்டும்தான்.” மிஞ்சிய சோற்றை அண்டா கணக்கில் கொட்டியதையும் அவர் சொன்னார். அப்புறம் அவரே மாற்று யோசனையும் வைத்தார். தீவுப்பக்கம், வேலணைத் தரையில், தோட்டக் காணிக்குள் கொட்டில் போட்டு நடத்தும் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே தனித்தட்டு கிடையாது. எல்லாம் பொதுவாக நடுவில் வைப்பார்கள், பகிர்ந்து சாப்பிட வேண்டும். நாங்கள் அதைச் சரியாகக் காதில் வாங்காமலே கை உயர்த்திவிட்டோம் என்பது பிறகுதான் விளங்கியது.

நாள் குறிப்பதற்கு இரண்டு கூட்டம் எடுத்தது. வெள்ளியும் செவ்வாயும் பாதிப் பேர் சைவம். தவக்காலத்தில் கத்தோலிக்க அங்கத்தவர்கள் வரமாட்டார்கள். நல்லூரில் கொடி ஏறினால் 25 நாளும் மச்சம் என்ற பேச்சே எடுக்க ஏலாது. சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ரியூசன். எல்லாம் கழித்துப் பார்க்க மிஞ்சியது ஆனி மாதத்து ஞாயிறுகள். கறுத்தக்கொழும்பான் பழுக்கிற காலம் என்பதால் ஒருவரும் எதிர்க்கவில்லை.

இரண்டு வான், ஒரு ஓட்டோ, மிச்சப் பேர் மோட்டார் சைக்கிளில், மொத்தம் 42 பேர் போனோம். பண்ணைப் பாலம் ஏறியதும் வானுக்குள் இருந்த சத்தம் தானாகவே குறைந்தது. இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல், அதில் நிரை நிரையாகச் சிறகுவலைக் கம்புகள், ஒவ்வொரு கம்பிலும் ஒரு நீர்க்காகம். அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டி உள்ளே திரும்பினால் பெயர்ப்பலகை என்று ஒன்றும் இல்லை. கிடுகு வேலியில் பழைய சைக்கிள் ரயர் ஒன்றைக் கொழுவி, அதில் வெள்ளைப் பெயின்றால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். முதல் வான் அதைக் காணாமல் சாட்டிக் கடற்கரை வரை போய்த் திரும்பி வந்தது.

உள்ளே பனங்கூடல். ஓலை வேய்ந்த கொட்டில்கள், கீழே கடல்மணல், அதன் மேல் பனம்பாய். கதிரை இல்லை என்று கண்டதும் முழங்கால் வருத்தக்காரர் நாலு பேர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கேட்டதும் கதிரை வந்தது, ஆனால் மேசை வரவில்லை. சாப்பாடு கீழே, அவர்கள் மேலே. கடைசியில் கடைப் பெடியன் ஒருவன் இரண்டு கடகப் பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, சுளகை அதன்மேல் ஏற்றிவைத்தான். நல்ல யோசனை; எங்கள் உபதலைவருக்கு வராத யோசனை.

சுளகு என்று சொன்னேன், அரிசி புடைக்கிற அதே சுளகுதான். ஆறு பேருக்கு ஒரு சுளகு. அதில் வாழையிலை விரித்து, ஒரு பக்கம் மொட்டைக்கறுப்பன் சோறு, மறுபக்கம் நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டு. சுற்றிவரச் சின்ன மண்சட்டிகளில் நண்டுக் குழம்பு, சுறா வறை, கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, மாங்காய்ச் சம்பல், சொதி. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருவரும் கை வைக்கவில்லை.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா என்னைக் கூப்பிட்டார். “தம்பி, தட்டுகள் எங்கை?”

“இதுதான் ஐயா தட்டு.”

“இதிலையோ? ஆறு பேருமோ? எச்சில் எல்லே!”

அந்த ஒரு சொல்லில் 42 பேரும் நின்றுவிட்டோம். பிள்ளையின் வாய்ச்சோற்றைத் தாய் தின்பாள், அது எச்சில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தொட்ட சோறு எச்சில். தலைவாழையிலை போட்டு, நுனி எந்தப் பக்கம் என்று பார்த்துப் பரிமாறிப் பழகிய ஊருக்கு இது லேசான விடயம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மகளிர் பிரிவுத் தலைவிகூட ஒரு கணம் தடுமாறினார்.

எங்களைக் கரையேற்றியவர் சோனகதெருப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் அங்கத்தவர் நானா. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரோடும் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் சிரித்தார். “இதென்ன பெரிய வேலை? எங்கட கலியாண வீட்டுச் சகன் மாதிரித்தானே. அஞ்சாறு பேர் சுத்தியிருந்து ஒரே தட்டிலை சாப்பிடுறது. சட்டம் ஒண்டுதான்: வலக்கை, உங்களுக்கு முன்னாலை கிடக்கிறதை மட்டும் எடுக்கவேணும். மற்றவற்ரை பக்கம் கை போகக்கூடாது. நடுவிலை இருக்கிறதை ஆள் பாத்துப் பகிரலாம்.” சொல்லிவிட்டு, செம்பில் தண்ணீர் வார்த்துக் கை கழுவி, பிட்டைப் பிசைந்து முதல் கவளத்தை அவரே எடுத்தார்.

அதற்குப் பிறகு இறங்கியாயிற்று. நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்த எங்கள் கணக்காய்வாளர், சோற்றில் விரலால் கோடு கிழித்து ஆறு பங்காக எல்லை போட்டார். இரவோடு இரவாக வேலிக் கதியால் நகர்த்துகிற ஊர்க்காரருக்கு எல்லை இல்லாமல் சாப்பாடு இறங்காதுதானே. பத்து நிமிடத்தில் சொதி எல்லை தாண்டிப் பாய்ந்தது. வழக்குப் போக ஒருவரும் எழும்பவில்லை.

நண்டு பற்றிய முறைப்பாடு நியாயமானது, பதிவு செய்கிறேன்: ஆறு பேருக்கு நாலு நண்டு வைத்திருந்தார்கள். எந்தக் கணக்கு என்று விளங்கவில்லை. ஒவ்வொரு சுளகிலும் ஒவ்வொரு விதமாக அது தீர்ந்தது. ஒன்றில் திருவுளச்சீட்டு. ஒன்றில் மூத்தவர்களுக்கு முதலுரிமை. எங்கள் சுளகில் ஒரு அக்கா பெரிய கால்களையெல்லாம் கல்லில் தட்டி உடைத்து, சதையைக் கோது கலக்காமல் இழுத்தெடுத்து, ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக்கொண்டே போனார். முடிந்த பிறகுதான் அவர் ஒன்றும் எடுக்கவில்லை என்று கண்டோம். எல்லாருக்கும் ஒரு மாதிரிப் போய்விட்டது. கேட்டோம். “எனக்கு நண்டு கடிக்கும் தம்பி, டொக்டர் மறிச்சவர்” என்றார்.

சைவக்காரருக்குத் தனிச் சுளகு ஒன்று ஒதுக்கியிருந்தது. அதில் சுறா வறைக்குப் பதிலாக வாழைப்பூ வறை. அது எங்களுடையதைவிட நன்றாக இருந்ததாகக் கேள்வி.

பிறகு கூழ். ஒன்றரை மணி நேரம் பிந்தியதால் நான் குசினிப் பக்கம் போய்ப் பார்த்தேன். மூன்று கல் அடுப்பில் பெரிய பானை, விறகு முழுக்கப் பனம்மட்டை. ஒரு கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு வெந்து, மீன் தலைகளும் றாலும் நண்டும் சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்தன. சமைக்கிற அம்மா ஒடியல் மாவை, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவை, காலையிலேயே ஊறப்போட்டு, மேல்தண்ணீரை இரண்டு தரம் வடித்திருந்தார். “வடிக்காட்டில் கைக்கும், பிறகு கடையைக் குறை சொல்லுவியள்” என்றார். கரைத்த மாவோடு புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்துப் பானையில் விட்டு, அகப்பையை நிறுத்தாமல் துழாவினார். தண்ணீராகக் கிடந்தது இரண்டு நிமிடத்தில் தடித்து, கொப்பளங்கள் மெதுவாக ஊதி வெடித்தன. முருங்கையிலையை உருவிப் போட்டு இறக்கினார். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது புகையால்தான்.

கூழைப் பனையோலைப் பிளாவில் ஆளுக்கொன்றாகத் தந்தார்கள். தபாலதிபர் ஐயாவுக்குப் பெரிய ஆறுதல். உறைப்புக்கு இடையிடையே கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. ஒரு வாய் கூழ், ஒரு துண்டு சொட்டு. சிறுவர்கள் சொட்டை மட்டும் தின்று முடித்தார்கள்.

அடுத்து வருவதை அறிக்கையில் எழுதலாமா என்று நிர்வாக சபையில் கேட்டேன். எழுது என்றார்கள். எண்பது தாண்டிய எங்கள் அங்கத்தவர் ஒருவர் பிளாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் குடிக்காமல் இருந்தார். என்ன ஐயா, உறைப்போ என்று கேட்டதற்குச் சொன்னார்: “சந்தித் தேத்தண்ணிக் கடையிலை எங்களுக்கு வேறை பேணி இருந்தது. வெளியிலை நிண்டு குடிச்சு, கழுவிக் கவிட்டு வைக்கவேணும். சட்டம் வந்திட்டுது எண்டு சொன்னவை. பேணி அப்பிடியேதான் தொங்கினது.” அவர் சொன்னது, சாதி பார்த்து ஆட்களை ஒதுக்குவதைத் தடைசெய்த சட்டம்; அது 1957இல் வந்தது. அதற்குப் பிறகும் அறுபதுகளின் கடைசியில் தேநீர்க் கடைகளுக்கும் கோயில்களுக்கும் உள்ளே போவதற்கு ஆட்கள் அடிவாங்க வேண்டியிருந்தது. மாவிட்டபுரத்தில் 1968இல் நடந்த கோயில் நுழைவுப் போராட்டத்தை நேரில் கண்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். சுளகைச் சுற்றி ஒருவரும் பேசவில்லை. சோற்றுக்குப் போன கைகள் கொஞ்சம் மெதுவாகின. கொஞ்ச நேரத்தில் அவரே, “கூழ் ஆறுது, குடியுங்கோ” என்றார்.

வீட்டுக்கு வந்து நிலையத்தின் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். தேநீர் உபசாரம் நடைபெற்றது, தேநீர் உபசாரத்துடன் கூட்டம் இனிதே முடிவுற்றது என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. யாருக்கு எந்தப் பேணியில், எங்கே வைத்துக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

கடையைப் பற்றிய குறைகளையும் சொல்ல வேண்டும். கழிப்பறை இரண்டு, ஒன்றுக்குக் கொண்டி இல்லை. சேவைக் கட்டணம் பத்து வீதம் என்பதைப் பில்லில்தான் கண்டோம், முதலே சொல்லியிருக்கலாம். இலையான் தாராளம். சாட்டிக் கிணறுகளின் நல்ல தண்ணீர் அவ்வளவு கிட்ட இருக்க, போத்தல் தண்ணீருக்குக் காசு எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஏழு சுளகிலும் வாழையிலைதான் மிஞ்சியது. பஃபேயில் கொட்டிய அண்டா நினைவுக்கு வந்தது. பில் ஆள்கணக்கில் இல்லாமல் சுளகுக் கணக்கில் வந்ததால் பிள்ளைகளுக்கு அரைவாசியா முழுசா என்று வானுக்குள் தொடங்கிய வாக்குவாதம் பண்ணைப் பாலத்தில் முடிந்தது. விபரம் பொருளாளரின் அறிக்கையில் வரும்.

திரும்பி வரும்போதே ஒரு முடிவு எடுத்தோம். அடுத்த கூழை நாங்களே காய்ச்சுவது, மாவும் எங்களுடையதாக இருப்பது. ஆவணியில் இளைஞர் பிரிவு பனங்கொட்டை பொறுக்கி நிலையப் பின்வளவில் பாத்தி போட்டது. நவம்பர் வெள்ளத்தில் பாத்தியின் ஒரு பக்கம் கரைந்து போனாலும் தையில் கிண்டியபோது கிழங்கு நன்றாகவே இருந்தது. பாதியை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கினோம். அது மூன்று நாளில் முடிந்தது, யாரால் என்று கேட்க வேண்டாம். மிச்சத்தைப் பச்சையாகக் கிழித்து வாசிகசாலை மொட்டைமாடியில் ஒடியலுக்குக் காயப்போட்டோம். அணிலுக்குக் காவல் இருந்த மூன்று அங்கத்தவர்களுக்கும், மா அரைத்துத் தந்து காசு வாங்காத ஆலைக்காரருக்கும் நன்றி.

இவ்வருடம் எம்மை விட்டுப் பிரிந்த அங்கத்தவர்கள் நால்வருக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியல் கதவுப் பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது.

வானில் விடுபட்ட ஒரு சோடி செருப்பும் மூக்குக்கண்ணாடி ஒன்றும் என்னிடம் இருக்கின்றன, உரியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். பொருளாளரின் அறிக்கை முடிந்ததும் பின்வளவில் கூழ். மா ஊறிவிட்டது, பிளாவுக்கு ஓலை வெட்டியிருக்கிறது, சைவக்காரருக்கு வேறு பானை. தேங்காய்ச் சொட்டு வெட்ட இரண்டு பேர் தேவை. பின்வரிசையில் போன் பார்க்கிற தம்பிமார் இப்போதே எழும்பிப் போகலாம்.

நன்றி.

செயலாளர்