பாலுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாலு,

உன் கடிதங்கள் வந்தன. நான் பதில் போடவில்லை என்று கமலாவிடம் கோள் மூட்டினாயாமே! இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்துவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி? எடையைக் குறை என்றால் கேட்கமாட்டாய். ஹாஸ்டலில் மூன்றாம் முறை சோற்றுக்கு முதல் ஆளாக நின்றவனாயிற்றே.

கொஞ்ச நாளாக ஒரு விஷயம் தூங்கவிடாமல் செய்கிறது. நீயும் ஆஸ்பத்திரி வார்டில் டாக்டராக நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில், போலந்தின் வார்சா நகரில் யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்துவைத்த 'கெட்டோ' பகுதியில் யூத மருத்துவர்கள் பட்டினியைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தினார்கள், தெரியுமா? 1940 நவம்பரில் ஜெர்மானியர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுவருக்குள் அடைத்தார்கள். 1941இல் ரேஷன் அட்டைக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 184 கலோரி. மூன்று நான்கு இட்லி, பாலு! ஒரு முழு நாளைக்கு. அட்டையை மட்டும் நம்பியவன் பிழைத்திருக்கவே முடியாது. சுவர் ஓட்டைகள் வழியே நுழைந்து போய் ரொட்டியும் உருளைக்கிழங்கும் கடத்திவந்த சிறுபிள்ளைகள் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். பிடிபட்ட பிள்ளைகளைச் சுட்டே கொன்றிருக்கிறார்கள். காசில்லாதவர்களுக்குப் பொதுச் சமையலறையின் தண்ணீர் சூப்தான் கதி.

1942 பிப்ரவரியில் இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கி என்ற மருத்துவரின் தலைமையில் ஆய்வு தொடங்கியது. வேறு நோயில்லாமல் பசியால் மட்டுமே விழுந்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வீக்கம், குழந்தைகளின் வளர்ச்சி என்று ஒவ்வொன்றையும் அளந்து குறித்தார்கள். அளந்தவர்களுக்கும் பசிதான். அந்த நோய்க்கு மருந்து என்னவென்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும், கொடுக்கத்தான் ஒன்றுமில்லை.

ஜூலை 22 அன்று ட்ரெப்ளிங்கா என்ற கொலை முகாமுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியதும் ஆய்வு பாதியில் நின்றது. தானாக வந்து ரயில் ஏறுகிறவர்களுக்கு மூன்று கிலோ ரொட்டியும் ஒரு கிலோ ஜாமும் தருவதாக அறிவித்தார்கள். பட்டினி போட்டவர்களே அந்தப் பசியைத் தூண்டிலாக்கினார்கள். இதைப் படித்துவிட்டு அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

எஞ்சிய தாள்களைத் தொகுத்து, சுவருக்கு வெளியே இருந்த போலந்துப் பேராசிரியர் விட்டோல்ட் ஓர்லோவ்ஸ்கியிடம் ரகசியமாகச் சேர்த்தார்கள். 1946இல் அது புத்தகமாக வந்தது. மிலெய்கோவ்ஸ்கி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. எழுதியவர்களில் பெரும்பாலோரும் இல்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "சாகப்போகிறவர்களிடம் ரத்தம் எடுத்து என்ன சாதித்தார்கள்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நோயாளிகளைக் கணக்கில் வராத பிணங்களாகப் போகவிடக் கூடாது என்று நினைத்தவர்கள் அந்த மருத்துவர்கள். அவர்கள் குறித்துவைக்காவிட்டால், கொன்றவர்கள், 'டைபஸ் காய்ச்சலில் செத்தார்கள்' என்று சொல்லிக் கைகழுவியிருப்பார்கள். ஆனாலும் ஊசி குத்தப்பட்ட அந்தக் குழந்தைகளை நினைத்தால் என் வாதம் தடுமாறுகிறது.

உன்னை அந்த ஆய்வில் சேரச் சொல்லியிருந்தால் சேர்ந்திருப்பாயா? மழுப்பாமல் எழுது. பொங்கலுக்கு வரும்போது சொல்கிறேன் என்று தள்ளிப்போடாதே.

அன்புடன்,
சுந்தரம்