மேய்ச்சல் தரிசில் விதை போகும் வழி

அன்புள்ள மாப்ளைக்கு,

நலம். கொட்டாம்பட்டித் தரிசில் கொழுக்கட்டைப் புல் விதைக்கலாமா என்று கேட்டிருந்தாய். செம்மண்தானே, நன்றாக வரும். ஆனால் விதை வாங்குமுன் கிடை, அதாவது மந்தையை இரவில் நிலத்தில் அடைத்து வைக்கும் விஷயத்தைக் கவனி.

கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் மந்தை வழியெல்லாம் சீமைக்கருவேல நெற்றைத் தின்றுகொண்டு வரும். அதன் கெட்டித் தோல் விதை குடலில் எளிதில் சாகாது, புழுக்கையோடு சேர்ந்தே விழும். ஆடு அசைபோட்டுக் கொஞ்சம் நொறுக்கிவிடும். மாட்டின் சாணத்தில்தான் முழுசாக அதிகம் வரும். ஆகவே மந்தை வந்ததும் நெற்று இல்லாத அறுத்த வயலில் நாலைந்து நாள் கிடை போடச் சொல். வயிறு காலியான பிறகு தரிசுக்குள் விடு. வயலில் முளைப்பது அடுத்த உழவில் போய்விடும். தரிசில் முளைத்தால் வேரோடு தோண்டத்தான் வேண்டும். வெட்டினால் அடியிலிருந்து தழையும்.

புல் விதைக்கு இந்தக் குடல் வழி உதவாது, மெல்லிய விதை பெரும்பாலும் செரித்துவிடும். நம் பக்கத்து ஆட்டுக்குக் கம்பளியும் இல்லை, குறுமுடியில் ஒட்டியது சீக்கிரம் உதிர்ந்துவிடும். புல் பரவ வேண்டுமானால் ஐப்பசி மழையிலிருந்து கதிர் முற்றும்வரை ஒரு பகுதியை அடைத்து வை. எல்லோரும் பூக்குமுன்பே அறுத்துவிடுகிறார்கள், தரிசு மொட்டையாவதற்கு அதுவும் ஒரு காரணம். கதிர் ஒரே சமயத்தில் முற்றாது; பாதி உதிரத் தொடங்கியதும் அறுத்து, சொட்டையான இடத்தில் மண் தெரியும்படி மெல்லிசாகப் பரப்பு. தடிமனாகப் போட்டால் நாற்று மூச்சுமுட்டிச் சாகும். காய்ந்த பிறகு ஆட்டை ஒருமுறை நடத்து, குளம்பு விதையை மண்ணோடு அழுத்தும். புது விதை உடனே முளைக்கவில்லையே என்று பதறாதே. அதற்கு ஆறேழு மாத உறக்கம் உண்டு, அடுத்த மழைக்கு வரும்.

விலைக்கு வாங்கினால் எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ போதும், பழைய விதையாகப் பார்த்து வாங்கு. முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியையும் கலந்துவிடு. அதன் விதையை 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிடம் போட்டு வடித்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவை. ஒருமுறை காய்த்துவிட்டால் மாட்டுச் சாணம் வழியாக அது தானே பரவும்.

மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டரை மட்டும் உள்ளே விடாதே. பழைய புல்தூர் அழியும், டயர் சேற்றில் பார்த்தீனியக் களை வந்து சேரும்.

மந்தையை ஓட்டிவரும் கீதாரி எந்தப் பக்கமாக வருகிறார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்