அண்ணி, அந்த மானிட்டரைப் பரணிலிருந்து இறக்குங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சாப்பாட்டு மேசையில் உங்கள் ஆபீஸ் லேப்டாப். 14 அங்குலத் திரையில் ஒரு எக்செல் ஷீட். பக்கத்தில் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள். ஷீட்டில் உள்ள எண்களைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்கிறீர்கள். அப்புறம் இன்னொரு ஷீட்டைத் திறந்து, தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறீர்கள். நான் காபி குடித்து முடிப்பதற்குள் நான்கு தாள் தீர்ந்துவிட்டது. நடுநடுவே பேனா மூடியால் பிடரியை அழுத்திக்கொண்டீர்கள்.

அன்றைக்கே கேட்டேன், அண்ணனின் மானிட்டர் என்ன ஆயிற்று என்று. “போட்டுப் பார்த்தேன் தம்பி, சிக்னல் இல்லைன்னு வருது. ஆபீஸ்ல பூட்டி வெச்சிருப்பாங்க” என்றீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எந்த ஒயரில் போட்டீர்கள் என்று நேற்று அண்ணனிடம் கேட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. ஆபீஸ் பூட்டவில்லை அண்ணி. நீங்கள் போட்டது போன் சார்ஜர் ஒயர்.

உங்கள் மேல் தப்பே இல்லை. ஒயரின் இரண்டு முனையும் டைப்-சி, இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்துகிறது. செருகியவுடன் லேப்டாப்பில் சார்ஜ் ஏறும் விளக்கும் எரிந்தது என்றார் அண்ணன். சார்ஜ் ஏறுகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் யாருக்கும் ஆபீஸ் தடுத்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் டைப்-சி என்பது முனையின் வடிவத்துக்கு மட்டும்தான் பெயர். அந்தச் சின்ன முனைக்குள் 24 தொடுபுள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலான சார்ஜர் ஒயர்களில் மின்சாரத்துக்கான கம்பிகளும், மெதுவாகத் தரவு போக ஒரு ஜோடிக் கம்பியும்தான் இருக்கும். படம் போவது வேறு நான்கு ஜோடி அதிவேகக் கம்பிகளில். செலவு குறைய, ஒயர் மெல்லியதாக வளைய, அந்த நான்கையும் விட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. படம் கடத்தும் ஒயர் கொஞ்சம் தடிமனாக, விறைப்பாக இருக்கும். அட்டையில் 4கே வீடியோ என்றோ, தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பின் பெயரோ போட்டிருக்கும்.

லேப்டாப் பக்கமும் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா டைப்-சி துளையும் படம் அனுப்பாது. துளைக்குப் பக்கத்தில் நுனியில் அம்புத்தலை உள்ள மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ‘டி’க்குள் (D) ‘பி’ (P) எழுதியதுபோல ஒரு குறி இருந்தாலும் படம் வரும். சார்ஜரைக் கழற்றி நகர்த்தியபோது உங்கள் லேப்டாப்பின் இடது ஓரத்தில் அந்த மின்னல் குறியை நான் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

அண்ணன் 2020 ஊரடங்கில் வாங்கியது நல்ல மானிட்டர். 27 அங்குலம், 2560க்கு 1440 புள்ளிகள். எழுத்து பொடியாகவும் இருக்காது, உடைந்தும் தெரியாது. அதே ஒயர் வழியாக 65 வாட் சார்ஜும் தரும். ஒரே ஒயரில் படமும் மின்சாரமும் வந்துவிடும், தனிச் சார்ஜர் வேண்டாம். ஒருவேளை மானிட்டரின் டைப்-சி துளை தகராறு செய்தால் டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினால் போதும். 4கே, 60 ஹெர்ட்ஸ் என்று போட்டதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். தனி மென்பொருள் நிறுவினால்தான் வேலை செய்யும் என்று சொல்லும் பெட்டிகளை மட்டும் வாங்கவே வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்பில் அதை நிறுவ உங்களுக்கு அனுமதி இருக்காது.

ஹால் டிவியில் போட்டுப் பார்த்தபோது எழுத்து கலங்கலாக இருந்தது என்றீர்கள். டிவி பல சமயம் நிற விவரங்களைச் சுருக்கித்தான் காட்டும். படத்துக்கு அது உறுத்தாது, வெள்ளைத் திரையில் ஓடும் சின்ன எழுத்துக்கு உறுத்தும். பல டிவிகளின் செட்டிங்ஸில் அந்த இணைப்பின் பெயரைப் பிசி என்று மாற்றினால் தெளிந்துவிடும். ஆனாலும் அது வேண்டாம் அண்ணி. அம்மாவின் சீரியல் நேரத்துக்கு முன் வேலையை முடித்தாக வேண்டும் என்று நீங்கள் ஓடுவதை நான் பார்க்க விரும்பவில்லை. உங்கள் வேலைக்கு என்று ஒரு மேசையும் ஒரு திரையும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். இதை அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

இணைத்ததும் இரண்டு திரையிலும் ஒரே படம் தெரிந்தால் பயப்படாதீர்கள். விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு ‘பி’ (P) எழுத்தைத் தட்டுங்கள். நான்கு வழிகள் காட்டும், அதில் எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி ஒரு ஷீட் பெரிய திரையில், இன்னொன்று லேப்டாப்பில். விண்டோஸும் ஷிஃப்ட்டும் சேர்த்து அழுத்திக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறியைத் தட்டினால், திறந்திருக்கும் ஷீட் ஒரு திரையிலிருந்து மற்றதற்குத் தாவும். சொல்லப்போனால் அந்த 27 அங்குலத்திலேயே இரண்டு ஷீட்டையும் பக்கம் பக்கமாக வைக்கலாம். காலண்டர் தாளுக்கு வேலையே இல்லை.

கழுத்துக்கு வருகிறேன். மானிட்டர் நேர் எதிரே, ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். லேப்டாப் ஓரமாக. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது என்பதுதான் பொதுவாகச் சொல்வது. ஆனால் நீங்கள் புதிதாகப் போட்டிருப்பது புரோகிரசிவ் கண்ணாடி. கிட்டத்தில் உள்ளதை அதன் கீழ்ப்பகுதி வழியாகத்தான் படிக்கிறீர்கள். திரை உயரமாக இருந்தால் தலையைப் பின்னால் சாய்த்துப் படிக்க வேண்டிவரும், பிடரி இன்னும் மோசமாகும். அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்த்தியே வையுங்கள், நாடி நேராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தனிக் கீபோர்டும் மவுஸும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் கை லேப்டாப்புக்குப் போகும், உடம்பும் பின்னாலேயே குனியும்.

இன்னும் இரண்டு விஷயம். நீங்கள் பார்ப்பது சம்பளக் கணக்கு. பெரிய திரையில் அது வாசல் வரை தெரியும், அதனால் திரையின் முதுகு ஹாலைப் பார்க்கும்படி போடுங்கள். மானிட்டரின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி துளைகளில் பென் டிரைவ் எதையும் செருகிவிடாதீர்கள், அது ஆபீஸ் லேப்டாப்பில் செருகியதற்குச் சமம். அப்புறம் உங்கள் தெருவில் கரண்ட் போகும் கதை தெரிந்ததுதானே. மானிட்டரில் பேட்டரி கிடையாது, இருண்டுவிடும். திறந்திருந்த ஷீட் எல்லாம் லேப்டாப் திரைக்கு வந்துவிடும், எதுவும் அழியாது. அந்தப் பதற்றமும் வேண்டாம் என்றால் இன்வெர்ட்டர் லைன் வரும் பிளக்கில் போடுங்கள்.

ஒரு மீட்டர் ஒயர் வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக் காலை கொரியரில் போடுகிறேன். போன் ஒயர்களோடு கலந்துவிடாமலிருக்க இரண்டு முனையிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மானிட்டரை இறக்கித் தரட்டும், நீங்கள் ஏணியில் ஏற வேண்டாம். அதன் ஸ்டாண்ட் தனியாகக் கழன்று வரும், அதே அட்டைப்பெட்டியின் அடித்தட்டில் இருக்கும். மாட்டியதும் வீடியோ கால் போடுங்கள். உயரம் சரியாக இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்