மெர்போக்கில் பார்த்த கல் பெட்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் எல்லாரும் நல்ல சுகம். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு கோலக்கெடா கோட்டைக்கும் மெர்போக் அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தோம்.

கோட்டையில் சின்னவன் பீரங்கியை விட்டு நகரவே இல்லை. 1821-ல் சயாம் (இன்றைய தாய்லாந்து) படை அந்தப் பக்கமாக வந்துதான் கெடாவைப் பிடித்தது. சுல்தான் பினாங்குக்குத் தப்பிப் போனார். 1909 உடன்படிக்கையில்தான் கெடா வெள்ளைக்காரன் கைக்கு மாறியது.

என் மனம் இன்னும் மெர்போக்கில்தான் இருக்கிறது. ஜெராய் மலை அடிவாரத்தில், ஓடைக்குப் பக்கத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டி. பழங்காலக் கோயிலை இங்கே சண்டி என்பார்கள். கருங்கல் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். ஆனால் கருவறை எது, முன்மண்டபம் எது என்று பார்த்தவுடனே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மண்டபத்தில் மரத்தூண் நிறுத்துவதற்கான கல் தாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. மரமெல்லாம் மக்கிப் போய்விட்டது. 1930-களில் தொல்லியல் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டிப் பார்த்த இடம் அது. பிறகு 1960 வாக்கில் அலஸ்டர் லாம்ப் என்ற இன்னொரு ஆய்வாளர் அதைச் சீரமைத்தபோது கல் பெட்டிகள் கிடைத்தன. பெட்டிக்குள் நடுவில் ஒரு குழி, சுற்றிலும் எட்டு. அதில் பொன், வெள்ளி, மணிக்கற்கள் வைத்திருந்தார்கள்.

நம் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் உனக்கு நினைவிருக்கும். அம்மனை நிறுத்துவதற்கு முன் குருக்கள் பீடத்துக் குழியில் யந்திரத் தகடு வைத்து நவரத்தினம் போட்டார். உன் அம்மா மூக்குத்தியைக் கழற்றிப் போட்டார்கள். பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய மூக்குத்தி அது. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இதே மலையடியில் யாரோ அதையே செய்திருக்கிறார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை.

நம் ஆட்கள் அங்கே போனால் ராஜேந்திர சோழனைத்தான் பேசுகிறார்கள். 1025 படையெடுப்பு, கடாரம் கொண்டான் பட்டம்; கடாரம் என்றால் இந்தக் கெடாதான். எனக்கும் பெருமைதான். ஆனால் படை வந்தது, போனது. இங்கேயே வாழ்ந்தவர்களின் பாசிமணியும் கண்ணாடித் துண்டும் சீனப் பீங்கான் ஓடும்தான் அந்த அலமாரிகளில் இருக்கின்றன. பக்கத்துச் சுங்கை பத்து என்ற இடத்தில் இரும்பு உருக்கிய உலைகளும் மண்ணால் செய்த துருத்திக் குழாய்களும் கிடைத்திருக்கின்றன. அந்த உழைப்பாளிகளைப் பற்றித்தான் பேரப்பிள்ளைகளிடம் அதிகம் சொன்னேன்.

பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் சண்டிகளைப் பெயர்த்து வந்து அருங்காட்சியக வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். கல்லாவது தப்பியதே! 2013-ல் சுங்கை பத்துவில் 11-ஆம் எண் சண்டியை நில மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளியது உனக்கும் தெரியும். நாம் பதறியதெல்லாம் இடித்த பிறகுதான்.

அப்புறம் ஒரு சேதி. நம் தோட்டம் கைமாறிவிட்டது. கோயிலை ரோட்டோரத்து நிலத்துக்கு மாற்றப் பேச்சு நடக்கிறது. பீடத்துக்கு அடியில் இருப்பதை முதலில் படம் எடுத்து, எழுதி வைத்து, அப்படியே புதுப் பீடத்தில் சேர்க்க வேண்டும் என்று கோயில் கமிட்டியில் கேட்டிருக்கிறேன். தலைவர் யோசிக்கிறார். கும்பாபிஷேகப் படங்கள் உன் அண்ணன் ஆல்பத்தில் இருக்குமே? யார் யார் என்ன போட்டார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுது. தைப்பூசத்துக்கு வரும்போது ஆல்பத்தையும் எடுத்து வா. நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்