மண்டபத்துக்காரர்களுக்கு நன்றி, கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள், எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். கோடை இன்டர்ன்ஷிப்புக்காக ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்கு வந்தேன். வேலை முடிந்துவிட்டது, நாளை மறுநாள் ஊருக்குப் பஸ் ஏறுகிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றி சொல்லாமல் போக மனசு வரவில்லை. அதோடு கல்லூரிகளையும் அரசையும் பார்த்துக் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கிறது.

நான் வந்து சேர்ந்தபோது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2001-ல் 45 நாளாக ஆரம்பித்ததை 2017-ல் 61 ஆக்கினார்கள். படகெல்லாம் கரையில் நிற்கும்போது அங்கே போய் என்ன படிக்கப்போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. இந்த மாதங்களில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிப்பதால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா பக்கம், கொந்தளிப்பாக இருக்கும். வடகடல் என்று இவர்கள் சொல்கிற பாக் விரிகுடா அமைதியாக இருக்கும், அதனால் தொழில் அந்தப் பக்கம் மாறிவிடும். ஒரே ஊருக்கு இரண்டு பக்கமும் கடல், இரண்டுக்கும் வேறு வேறு குணம். மலையும் மாந்தோப்புமாகப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புத்தியில் ஏறவே நாளானது.

என் வேலை நீலக்கால் நண்டை அளப்பது. விடிகாலையில் படகு கரைக்கு வந்ததும் வலையைக் கரையில் போட்டுச் சுற்றி உட்கார்ந்து நண்டைக் கழற்றுவார்கள், கால் ஒடியாமல் கழற்ற வேண்டும், ஒடிந்தால் விலை போய்விடும். நான் ஒவ்வொன்றையும் வாங்கி ஓட்டின் அகலம், எடை, ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு திருப்பித் தருவேன். அவர்களுக்கு அது வேலையைக் கெடுக்கிற காரியம், ஏலத்துக்கு நேரமாகிவிடும், இருந்தும் யாரும் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. வயிற்றுப் பக்கம் சினை மஞ்சளாக இருந்தால் இப்போதுதான் வெளிவந்த முட்டை, கறுத்துவிட்டால் பொரிக்கப்போகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் இரண்டுக்கும் இடையில் எத்தனை நிறம் உண்டு என்பதைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது வலையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அக்காமார்தான். என் சான்றிதழில் வழிகாட்டி கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவர் நல்ல மனிதர், நிறையக் கற்றுக்கொடுத்தார். ஆனாலும் பாதிப் பாடத்தை எடுத்தவர்களின் பெயர் அதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சரி, தங்கிய கதைக்கு வருகிறேன், கோரிக்கையும் அங்கேதான் இருக்கிறது. என்னைச் சேர்த்துக்கொண்டது சின்ன ஆய்வுக்குழு. உதவித்தொகையும் கிடையாது, தங்க இடமும் கிடையாது என்று முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். மே மாதத்தில் ராமேசுவரத்துக்கு வருகிற கூட்டத்தில் இங்கே லாட்ஜ்களில் கேட்கிற நாள் வாடகையை, சீசனுக்கு மட்டும் மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகிற என் அப்பாவால் கொடுக்க முடியாது. முதல் நாளே ஏலக்கடையில் கணக்கு எழுதுகிற அக்கா விசாரித்துவிட்டு, "பொம்பளப்பிள்ள தனியா எங்கிட்டுப் போயித் தங்குவ, இங்கனயே இரு" என்று அவர்கள் வீட்டு முன்னறையைக் கொடுத்தார்கள். வாடகை என்று நான் நீட்டியதில் பாதியைத்தான் வாங்கினார்கள். தடைக்காலத்தில் அந்த வீட்டிலேயே வருமானம் குறைவு, அண்ணன் விசைப்படகில் போகிறவர். அரசு தருகிற 8,000 ரூபாய் நிவாரணத்தில் பள்ளிக்கூடச் செலவும் கடனும் போக என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும், கூடவே இருந்து பார்த்தேன்.

என்னோடு சேர்ந்து தேர்வான என் வகுப்புத்தோழி வரவில்லை. (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) கடல் உயிரியலில் என்னைவிட நல்ல மதிப்பெண் எடுக்கிறவள். அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பஸ் செலவு, வாடகை, சாப்பாடு எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தாள். ஊர்ப்பக்கமே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து சான்றிதழ் வாங்கிவிட்டாள். மதிப்பெண் பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே கிரெடிட்தான் வரும். ஆனால் அவள் இந்தக் கரையைப் பார்க்கவில்லையே. எனக்கு ஒரு அக்கா கிடைத்தார்கள், போகும் இடமெல்லாம் எல்லாருக்கும் அப்படிக் கிடைப்பார்களா?

இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்குகிற கல்லூரிகள் அதற்கு ஆகும் செலவைப் பற்றியும் பேச வேண்டும். 2024 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள், நல்லது, ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாது என்று அப்போது விதி வைத்தார்கள். இளநிலை படித்தபோது புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வந்த 1,000 ரூபாய் எனக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்று அனுபவித்தவள் நான். அதே மாதிரி, வெளியூருக்குப் போகிற கோடைக்கு மட்டுமாவது ஒரு தொகையைப் பல்கலைக்கழகமோ அரசோ தரக்கூடாதா? வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்துகிற தோழி விடுதிகளில் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கும் சில படுக்கை ஒதுக்கலாம், மண்டபம் மாதிரி சின்ன ஊர்களுக்கும் அந்த விடுதி வரலாம். இதையெல்லாம் ஏப்ரலில் அறிவித்தால் பிரயோஜனம் இல்லை. ஜனவரியிலேயே தெரிந்தால்தான் வீட்டில் பேசி முடிவெடுக்க முடியும்.

வேலை முடிந்த நாளில் என்ன செய்வது என்று யோசித்து, அளந்ததில் தெரிந்ததை ஒரே தாளில் தமிழில் எழுதி, கட்டம் போட்டு, ஏலக்கடைச் சுவரில் ஒட்டினேன். எந்த அளவு நண்டு அதிகம் வந்தது, சினை நண்டு எந்த வாரங்களில் கூடுதல், அவ்வளவுதான். கூடி நின்று படித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை, கோடையில் அளந்துவிட்டு நண்டைப் பற்றிப் பேசாதே, ஐப்பசி கார்த்திகையில் வாடை திரும்பியதும் வந்து அள, அப்புறம் எழுது என்றார். அவர் சொல்வது சரிதான், ஒரு பருவத்துக் கணக்கை வைத்துக்கொண்டு முழு ஆண்டைப் பற்றிப் பேச முடியாது. அந்த மாதங்களில் எனக்குச் செமஸ்டர், வர முடியாது, வேறு யாராவதுதான் வர வேண்டும். என் நோட்டை ஆய்வுக்குழுவிடமே கொடுத்துவிட்டேன். அக்கா ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக் கொடுத்து, அடுத்து வருகிற பிள்ளைக்கும் அறை இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். அவர்கள் அன்பு பெரியது. அதற்காகப் படிப்புச் செலவை அவர்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் மதுரைப் பதிப்பிலும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள் சார். ஏலக்கடையில் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு முதுநிலை விலங்கியல் மாணவி,
தருமபுரி மாவட்டம்.