பின்கண்ணாடியில் ஒட்டாத ஃபிலிம்: மறுவேலை கோரிப் புகார்

அனுப்புநர்:
கார் உரிமையாளர், சிவகாசி
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள ரசீதில் உள்ளபடி)

பெறுநர்:
பொது மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் ஃபிலிம் நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை

பொருள்: காரின் பின்கண்ணாடியில் ஒட்டிய வெப்பத் தடுப்பு ஃபிலிம் பிடிக்காமல் கிளம்பி நிற்பது, உத்தரவாதத்தின்படி மறுவேலை செய்து தரக் கோருதல்.

ஐயா,

கடந்த மே மாதம், மதுரையில் தங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் என் காரின் எல்லாக் கண்ணாடிகளுக்கும் ஃபிலிம் ஒட்டச் சொல்லி ரூ.18,500 கட்டினேன். பக்கக் கண்ணாடிகளில் எனக்குக் குறை இல்லை. முன்கண்ணாடியும் பரவாயில்லை. பின்கண்ணாடியில் மட்டும் ஃபிலிம் கண்ணாடியின் மேல் கிடக்கிறதே தவிர, இன்றுவரை அதைப் பிடிக்கவில்லை.

மேல்விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் அச்சிட்ட பட்டை இருக்கிறதல்லவா, அதன் நெடுக இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்துக் கிடக்கிறது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் எழும்புகிறது. கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தைச் சூடேற்றி நீக்கும் டீஃபாகர் கம்பிகள் ஒவ்வொன்றின் இருபுறமும் ஃபிலிம் கூடாரம் அடித்து நிற்கிறது. கீழ் இடது மூலை சுருண்டே போய்விட்டது. அங்கே பசையில் தூசியும் ஒரு நீளமான தலைமுடியும் சிக்கியிருக்கின்றன. என் வீட்டில் யாருக்கும் அவ்வளவு நீளமான முடி இல்லை. கண்ணாடியைப் பிடிக்க மறுத்த பசை அந்த முடியை மட்டும் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

இது அழகு சார்ந்த குறை மட்டும் அல்ல. இரவில் நான்குவழிச் சாலையில் பின்னால் ஒரு லாரி வந்தால் ஒவ்வொரு குமிழியும் தனித்தனி விளக்காக எரிகிறது. வருவது ஒரு வண்டியா மூன்று வண்டிகளா, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று நிதானிக்க முடியவில்லை.

கடையில் முதலில் சொன்ன பதில், "ஒரு மாதம் பொறுங்கள், காய்ந்ததும் சரியாகிவிடும்" என்பது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும் வேலை இது. ஃபிலிமுக்கு அடியில் கொஞ்சம் நீர் தங்குவதும், அது வற்றும்வரை மங்கலாகத் தெரிவதும் இயல்பு என்பதை நான் மறுக்கவில்லை. பொறுத்தேன், அதுவும் சிவகாசியின் ஜூன் மாத வெயிலில். நீர்க் கொப்புளங்கள் வற்றத்தான் செய்தன. எஞ்சியிருப்பது காற்று. காற்று காயாது.

அடுத்த முறை போனபோது, ஊசியால் குமிழிகளைக் குத்தி ரப்பர் பட்டையால் தேய்த்துவிட்டார்கள். இப்போது குமிழிகளும் இருக்கின்றன, ஊசித் துளைகளும் இருக்கின்றன.

நான் அச்சுத் தாளுக்கு லேமினேஷன் செய்யும் பட்டறை நடத்துகிறேன். ஃபிலிமும் பசையும் சூடும் அழுத்தமும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவும் பவுடர் சற்றுக் கூடிவிட்டால், அந்தத் துகள்கள் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இடையில் காற்று நின்று அட்டை முழுவதும் வெள்ளை பூத்துத் தெரியும். அப்படி ஒரு காலண்டர் அட்டை என் பட்டறையிலிருந்து போனால் பிரஸ்காரர் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு மாதம் வெயிலில் வைத்துப் பாருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழாது.

என் பின்கண்ணாடியில் நடந்திருப்பதும் இதுவே. அந்தக் கறுப்புப் புள்ளிகள் கண்ணாடியோடு சேர்த்துச் சூளையில் சுட்டுப் பதித்த பீங்கான் மை. கண்ணாடி மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்பவை. ஃபிலிம் அந்தப் புள்ளிகளின் தலைமேல் உட்கார்ந்துவிட்டு, இடையில் உள்ள கண்ணாடியைத் தொடுவதே இல்லை. இது உலகம் முழுவதும் கார் ஃபிலிம் ஒட்டுகிறவர்களுக்குத் தெரிந்த தொல்லை. பட்டையை முன்கூட்டியே நன்றாகச் சுத்தம் செய்வார்கள், கடினமான அட்டையால் புள்ளிக்குப் புள்ளி அழுத்துவார்கள், அதற்கும் மசியாவிட்டால் புள்ளிகள் முடியும் இடத்தில் ஃபிலிமை நறுக்கிவிடுவார்கள். எதைச் செய்வது என்பது அவரவர் பழக்கம். என் காரில் இவற்றில் எதுவும் நடக்கவில்லை. காத்திருப்பு அறையின் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். பின்கண்ணாடி நீளவாக்கிலும் உயரவாக்கிலும் வளைந்தது. பாலியெஸ்டர் ஃபிலிமோ தட்டையானது. ஆகவே ஃபிலிமை முதலில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் விரித்து, ஹீட் கன்னால் சூடு காட்டி, ஓரங்களில் எழும் மடிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, கண்ணாடியின் வளைவுக்கே கொண்டுவந்த பிறகுதான் உள்பக்கம் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் அந்த மடிப்புகள் விளிம்பில் தங்கி, பிறகு எவ்வளவு தேய்த்தாலும் படியாது. கடையில் இருந்த பையன் நடுவில் மட்டும் சூடு காட்டிவிட்டு உள்ளே ஏறிவிட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. வாசலில் வரிசையாகக் கார்கள் நின்றன, பின்கண்ணாடி வேலைக்கு அவன் ஒருவன்தான் இருந்தான், முதலாளி நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கடைக்கு அங்கீகாரப் பலகை கொடுத்தது யார் என்பதே என் கேள்வி.

தங்கள் அலுவலகம் மின்னஞ்சலில் அனுப்பிய பதில், இது பொருளின் குறை அல்ல, ஒட்டிய விதத்தின் குறை, எனவே கடையை அணுகவும் என்கிறது. கடையில் கேட்டால், ரோல் சரியில்லை, கம்பெனியிடம் கேளுங்கள் என்கிறார்கள். ஆனால் தாங்கள் எனக்குக் கொடுத்த உத்தரவாத அட்டையில் நிறம் மங்குதல், உரிதல், குமிழ் விடுதல் மூன்றும் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட கடையில் ஒட்டினால் மட்டுமே உத்தரவாதம் செல்லும் என்றும் இருக்கிறது. அங்கேதான் ஒட்டினேன். குமிழும் விட்டிருக்கிறது, உரிந்தும் இருக்கிறது. அந்த நிபந்தனை என்னைக் கட்டுமானால் தங்களையும் கட்டத்தான் வேண்டும்.

சரி, மறுவேலை செய்து தருகிறோம் என்று தாங்கள் ஒப்புக்கொண்டாலும் எனக்கு ஓர் அச்சம் உண்டு. கடைக்காரர் சொன்ன யோசனை, "பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு போடலாம்." டீஃபாகர் கம்பிகள் கண்ணாடிக்குள் புதைந்தவை அல்ல, உட்புறத்தில் வெள்ளிப் பசையால் அச்சிட்ட கோடுகள். ஒரு கோட்டில் பிளேடு குறுக்கே போனால் அந்தக் கோடு அத்துடன் வேலை செய்யாது. எங்கள் ஊரில் மழை குறைவுதான், ஆனால் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறும்போது அந்தக் கோடுகள் இல்லாமல் பின்னால் எதுவும் தெரியாது. எனவே ஃபிலிமை நீராவி காட்டி, பசையை இளக்கி, முழுத் தாளாக உரித்தெடுக்க வேண்டும். எஞ்சும் பசையையும் பிளேடு படாமல், கோடுகள் ஓடும் வாக்கிலேயே துடைத்தெடுக்க வேண்டும். வேலைக்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு கோட்டையும் என் முன்னிலையில் சோதித்துக் காட்ட வேண்டும். ஏதேனும் கோடு அறுந்தால் கண்ணாடியை மாற்றித் தரும் பொறுப்பு தங்களுடையது என்று எழுத்தில் வேண்டும். இந்த வேலைக்கு அதே கடை எனக்கு வேண்டாம். தங்கள் நிறுவனத்தின் அனுபவமுள்ள ஆளை அனுப்புங்கள்.

கூடவே ஒரு சான்றும் தேவை. கறுப்பு ஃபிலிம் கேட்டவன் அல்ல நான். 2012இல் உச்ச நீதிமன்றம் போட்ட தடையும், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 100ஆவது விதி பின்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத ஒளி செல்ல வேண்டும் என்பதும் தெரிந்தே, வெளிர் நிற ஃபிலிமைக் கேட்டு வாங்கினேன். தங்கள் விளம்பரத் தாள் 70 சதவீதம் என்கிறது. அது ஃபிலிமுக்கு மட்டுமா, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்தா? கண்ணாடி தானே கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடுகிறது. 80 சதவீதம் விடும் கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 56. கடையில் அளவுக் கருவி கேட்டேன், இல்லை என்றார்கள். புதிதாக ஒட்டியபின் கருவியால் அளந்து, சேர்ந்த அளவு 70க்குக் குறையாமல் இருக்கிறது என்று கையெழுத்திட்டுத் தாருங்கள். அப்படித் தர முடியாதென்றால் பின்கண்ணாடியில் ஃபிலிமே வேண்டாம். உரித்துச் சுத்தம் செய்து அதற்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேலைக்கான தேதியைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் சேவைக் குறைபாட்டுக்காகத் தங்களையும் கடையையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாக்கி மனு போடுவேன். சென்னைக்கோ மதுரைக்கோ நான் அலைய வேண்டியதில்லை. வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

ரசீது, உத்தரவாத அட்டை, தங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களையும், பின்கண்ணாடியைப் பகலிலும் இரவிலும் எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன். காரைப் பார்வையிட ஆள் அனுப்புவதாக இருந்தால் ஞாயிறு தவிர எந்த நாளிலும் பட்டறையில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாடிக்கையாளர்
சிவகாசி